குளிரில் வைத்த மருந்து

கரடியனாறு
2024 பெப்ரவரி 11

அத்தானுக்கு,

நான் போன் எடுக்க எடுக்க நீங்கள் வெட்டிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் என் நம்பரையே தடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. சரி. கடிதத்தை வெட்ட முடியாது. அக்காவுக்குக் கண் மங்கல் என்பதால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டப்போவதும் நீங்கள்தான். அதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

போனில் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கமாட்டேன். குளிசையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் சீனி இறங்காதபடியால்தான் போன ஐப்பசியில் அக்காவுக்கு இன்சுலின் தொடங்கினார்கள். அவள் பயந்து அழுதாள். ஊசி தொடங்கினால் அதோடு ஆள் முடிவுதான் என்றாள். நான் லீவு போட்டுக்கொண்டு கதிரவெளிக்கு வந்தேன். சாகப்போகிற ஆளுக்குக் கொடுக்கிற மருந்தல்ல இது, உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தேன். உங்கள் கையில் சிறிஞ்சைத் தந்தேன். பப்பாசிக்காயில் குத்திப் பழகிவிட்டு, இனி நானும் அரைவாசி டொக்டர் என்று நீங்கள் சிரித்தீர்கள்.

இப்போது வெறும் வயிற்றில் பார்த்தாலே சீனி முந்நூறுக்கு மேல் நிற்கிறது. ஊசி தொடங்க முன்பு இருந்ததைவிடக் கூட. இன்சுலின் உடம்பில் ஏறினால் சீனி இறங்கும். இறங்கவில்லை என்றால் ஏறவில்லை. இதில் கதைக்க வேறென்ன இருக்கிறது?

நான் கிளினிக்கில் நிற்கிற தாதி. ஒவ்வொரு கிளினிக் நாளும் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்து, போட்டேன் மிசி, தவறாமல் போட்டேன் மிசி என்கிறார்கள். வயலுக்குப் போகிற அவசரத்தில் விட்டவர்கள், ஊசிக்குப் பயந்து விட்டவர்கள், மறந்து விட்டவர்கள், எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் மீன் வாடியை அடைத்துவிட்டு நீங்கள் எங்கே போவீர்கள் என்று கதிரவெளியில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வாங்கி அனுப்பிய பிரிஜில்தான் மருந்துப் போத்தல் இருக்கிறது என்று நம்புகிறேன். அது குளிரில் இருக்கவேண்டும். போடுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து உருட்டவேண்டும், குலுக்கக்கூடாது. காலையில் பதினாறு யூனிட், பின்னேரம் பத்து, சாப்பாட்டுக்கு முன். இவ்வளவுதான் உங்களிடம் கேட்கிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா.

கேதீஸ்வரி


கதிரவெளி
2024 பெப்ரவரி 20

மச்சாள் கேதீஸ்வரிக்கு,

உன் கடிதத்தைப் புஸ்பத்துக்கு வாசித்துக் காட்டினேன். பின்னேரம் நான் போகிற இடம் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த பந்திக்குத் தாவப் பார்த்தேன். அவளுக்குக் கண்தான் மங்கல், காது நல்ல கூர்மை. "ஏன் அதில நிண்டுட்டுப் போறீங்க" என்றாள். அதையும் வாசித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். நான் குடியை விட்டு ஒரு வருடமாகிறது. அதை அவள் உனக்கு எத்தனையோ தரம் சொன்னாளாம். நீ கேட்கிற ஆள் இல்லை, சொல்கிற ஆள்.

உன் கிளினிக்கில் இருக்கிற பொய்யர்களோடு என்னையும் ஒரே வாங்கில் இருத்திவிட்டாய். எனக்குக் கோபம்தான். ஆனாலும் எழும்பிப் போகமாட்டேன், பதில் சொல்லிவிட்டே போகிறேன். விடியப்புறம் வள்ளங்கள் கரைக்கு வருமுன் அவளுக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் வாடியைத் திறக்கிறேன். நீ காட்டித் தந்ததுபோல வயிற்றில், இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். மாரி மழையில் ரோட்டெல்லாம் வெள்ளம் நின்றபோதும் விட்டதில்லை. மருந்து முடிய முடியக் கிளினிக்கில் புதுப் போத்தல் எடுக்கிறேனே, அதையெல்லாம் நான் என்ன மீனுக்கா ஏற்றுகிறேன்?

குளிரைப் பற்றி வேறு எனக்குப் பாடம் எடுக்கிறாய். கொழும்புக்குப் போகிற லொறியில் இராசதுரையின் மீன் கெட்டுப்போயிற்று என்று இன்றுவரை ஒருவனும் சொன்னதில்லை. குளிர் பிடித்து வைக்க எனக்குத் தெரியாது என்றால் இந்தக் கரையில் வேறு யாருக்குத் தெரியும்? போத்தல் நல்ல குளிரில் இருக்கிறது. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

சீனி இறங்கவில்லை என்பது உண்மை. தண்ணீர் குடித்தபடி இருக்கிறாள். மெலிந்துபோனாள், சட்டையெல்லாம் தொங்குகிறது. ஏன் இப்படி என்று கேட்டால் டொக்டர் அட்டையில் அளவைக் கூட்டி எழுதுகிறார். உன்னிடம் கேட்டால் நீ ஏசுகிறாய். கேள்விக்குப் பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்பரைத் தடுத்தது நான்தான். போனில் நீ போடுகிற சத்தம் அவளுக்கும் கேட்கிறது. கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். எழுது. எழுத்தில் உன் சத்தம் கொஞ்சம் குறைவு.

இராசதுரை


கரடியனாறு
2024 ஏப்ரல் 15

அத்தானுக்கு,

வருடப் பிறப்பன்று பக்கத்து வீட்டுத் தனுஷாவின் போனில் அக்கா என்னோடு கதைத்தாள். நீங்கள் குடியை விட்டது உண்மை என்றாள். நல்லது, அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கிறேன். மற்றதை எடுக்கவில்லை. உங்களைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டாள் அவள். அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே சொன்னதில்லை.

பேச்சோடு பேச்சாக, காலில் மீன் முள் ஒன்று குத்திவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னாள். குத்தினது அவளுக்குத் தெரியவேயில்லையாம். நிலத்தில் இரத்த அடையாளத்தைக் கண்டுதான் காலைப் பார்த்தாளாம். அத்தான், முள்ளை விட எனக்கு அதுதான் பயம். சீனி கூடி நரம்பு செத்துப்போனால் கால் நோகாது. நோகாத காயம் நல்ல காயம் இல்லை. மஞ்சள் பூசவேண்டாம், சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம். இதை வாசித்த கையோடு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இனி வாடிக்குள் மீன் தரம் பிரிக்க அவளை விடவேண்டாம்.

இன்னொன்று. அளவை முப்பத்தாறும் இருபத்துநாலுமாகக் கூட்டியிருக்கிறார்களாம். அவளுடைய உடம்புக்கு அவ்வளவு இன்சுலின் உண்மையாகவே ஏறினால் ஒரு நாளாவது வியர்த்து, நடுங்கி, சீனித் தண்ணீர் கேட்டிருப்பாள். கேட்டாளா என்று விசாரித்தேன். இல்லையாம், ஒரு நாளும் இல்லையாம். இதற்கு நீங்கள் எனக்கு ஒரு நியாயம் எழுதுங்கள், நான் வாயை மூடுகிறேன்.

கேதீஸ்வரி


கதிரவெளி
2024 மே 9

கேதீஸ்,

உனக்கு எழுத என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருக்கிறது.

கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காயத்தைக் கழுவி மருந்து கட்டினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முச்சக்கரவண்டியில் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு வருகிறேன். இந்த வாரம் பெருவிரல் கறுத்துவிட்டது. வாடியில் இருந்தே மரத்துப்போன மூக்கு எனக்கு, மீன் நாற்றம் தெரியாது. ஆனால் அவள் காலின் மணம் தெரிகிறது. அவளுக்கும் தெரிகிறது. நான் கட்டை அவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறாள்.

முப்பத்தாறு என்று அட்டையில் இருந்தால் முப்பத்தாறுதான் போடுகிறேன். சிறிஞ்சைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கோட்டில் சரியாக வந்து நிற்கும்வரை பார்த்துத்தான் போடுகிறேன். பச்சைத் தண்ணீரை ஏற்றினதுபோல ஒரு மாற்றமும் இல்லை. கேதீஸ், கோபிக்காமல் ஒன்று சொல். இந்த மருந்தில் பிழை இருக்குமா? நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு என்று கிடந்த காலத்தில் கண்டதையும் இறக்கினார்கள் என்று கரையில் கதைக்கிறார்கள். உனக்குத் தெரிந்த இடத்தில் வேறு போத்தல் வாங்கலாமா? என்ன விலை என்றாலும் பரவாயில்லை.

நேற்று என்னிடம் சொன்னாள்: "இந்த ஊசி எனக்குப் பிடிக்கல்ல போல. நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க." நான் யோசிக்காமல் வேறு யார் யோசிக்கிறது?

நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லித் துண்டு தந்திருக்கிறார்கள். பெண்கள் வார்டில் என்னை நிற்க விடமாட்டார்கள். இதைப் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், நீ வந்து நில்.

இராசதுரை


கரடியனாறு
2024 யூன் 16

இராசதுரை அத்தானுக்கு,

அக்கா என்னோடு இருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எடுத்ததை வார்டுக்கு வெளியில் நின்று நீங்களும் அறிந்தீர்கள். நீங்கள் அறியாத ஒன்றை எழுதுகிறேன்.

சேர்த்த அன்று கிளினிக் அட்டையில் இருந்த அளவையே அங்கேயும் போட்டார்கள். வார்டு மருந்து, வார்டு தாதியின் கை. நான் பக்கத்தில் நின்று அவளுக்குச் சோறு ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. நாக்குக் குழறியது. என் கையைப் பிடித்தபடியே மயங்கிப்போனாள். சீனி நாற்பதுக்கும் கீழே. ஓடிவந்து நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றித்தான் ஆளைத் திருப்பி எடுத்தார்கள். டொக்டர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இவவுக்கு யார் ஊசி போடுகிறது என்று கேட்டார். என் அத்தான் என்றேன். தவறாமல் போட்டதாகச் சொல்கிறார் என்றேன். அவர் சிரித்தார். நானும் என் மேசையில் இருந்து அப்படித்தான் சிரிப்பேன்.

இதைவிட அத்தாட்சி எனக்கு வேண்டாம். இத்தனை மாதம் நீங்கள் போட்ட அளவு ஒரு தரம் உண்மையாகவே உடம்பில் ஏறியதும் அவள் சாகப் பார்த்தாள். மருந்தில் பிழையா என்று கேட்டு எழுதினீர்களே, எனக்கு அதை நினைக்க நினைக்கப் பற்றி எரிகிறது. இப்போது என் பிரிஜில் மருந்தை வைத்து என் கையால் போடுகிறேன். முந்தின அளவில் அரைவாசிதான் போடுகிறேன். சீனி சொன்னபடி கேட்கிறது. ஆனால் கால் போய்விட்டது. சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்கிறார்கள். அதை எந்த ஊசியாலும் திருப்ப முடியாது.

அவள் இன்னும் உங்களுக்காகத்தான் வழக்காடுகிறாள். "அவர் போட்டவர் புள்ள, நான் பாத்திட்டுத்தானே கிடந்தன்" என்கிறாள். கண் தெரியாதவளுக்கு வெறும் சிறிஞ்சால் குத்தினாலும் அவள் போட்டதாகத்தான் சொல்வாள்.

இங்கே வரவேண்டாம். வந்தால் வாசலில் வைத்து நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

கேதீஸ்வரி


கதிரவெளி
2024 யூன் 30

கேதீஸ்வரிக்கு,

வெறும் சிறிஞ்சால் குத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் மடித்து வைத்துவிட்டு, அடுத்த நாள்தான் மிச்சத்தை வாசித்தேன்.

உனக்கு நான் ஒன்றை மறைத்தேன், உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கித் தந்த பிரிஜ் எரிந்துபோயிற்று. நீ ஊசி பழக்கிவிட்டுப் போன கிழமையே, கரண்ட் போய்ப் போய் வந்ததில் எரிந்தது. இப்போது அதற்குள் அரிசி வைத்திருக்கிறோம், எலி போகாது. சொன்னால் விற்றுக் குடித்துவிட்டான் என்பாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. உன் அக்காவையும் சொல்லவிடவில்லை. நான் மறைத்தது அவ்வளவுதான்.

மருந்தை வெயிலில் வைத்தேன் என்று நினைக்காதே. அவளுடைய போத்தலுக்கென்றே, மீன் அடுக்குகிற பாரமில்லாத ரெஜிபோம் பெட்டியில் சின்னது ஒன்று வைத்தேன். ஐஸைத் தூளாக்கி, கல்லுப்புக் கலந்து, அதன் நடுவில் போத்தலைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்து வைப்பேன். உப்புப் போட்டால்தான் ஐஸ் கடுங்குளிராகும், தொட்ட விரல் ஒட்டிக்கொள்ளும். தூரத்துக்குப் போகிற மீனுக்கு அப்படித்தான் செய்வோம். மீனுக்குப் போடுவதைவிட அவளுடைய பெட்டிக்கு இரண்டு மடங்கு உப்புப் போட்டேன். காலையும் பின்னேரமும் ஐஸ் மாற்றினேன். லொறிக்கு ஐஸ் தட்டுப்பட்ட நாளிலும் அந்தப் பெட்டிக்குத் தட்டுப்படவில்லை.

எடுக்கும்போது போத்தல் கல்லுப்போல இறுகியிருக்கும். உள்ளங்கையில் உருட்டவேண்டும் என்று நீ சொன்னாயே, இதற்குத்தான் சொல்லியிருக்கிறாய் என்று விளங்கிக்கொண்டேன். இளகும்வரை உருட்டுவேன். கை விறைத்துப்போகும். கண்ணாடியில் வெள்ளையாக மாவுபோல ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் கரையட்டும் என்று இன்னும் உருட்டுவேன். ஒரு நாளும் குலுக்கவில்லை. அவள் கட்டிலில் இருந்துகொண்டு, உருட்டினது காணும், வள்ளம் வந்திடும், குத்துங்க என்று அவசரப்படுத்துவாள்.

இவ்வளவும் செய்தவன் வெறும் சிறிஞ்சால் குத்துவானா? யோசித்துப் பார். பிறகு நீ என்ன முடிவுக்கு வந்தாலும் வா. ஆனால் அவளைப் பார்க்க என்னை விடு. என்னோடு கதைக்கவேண்டாம், முகம் பார்க்கவேண்டாம். முற்றத்தில் இருந்துவிட்டுப் போகிறேன்.

இராசதுரை


கரடியனாறு
2024 யூலை 8

அத்தான்,

வாருங்கள். உடுப்பும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அக்கா கேட்கிறாள்.

கேதீஸ்வரி


கதிரவெளி
2024 ஒக்டோபர் 6

கேதீஸ்,

புஸ்பத்தின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வந்த பிறகு உனக்கு எழுதவேயில்லை. என்னத்தை எழுதுகிறது? வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவளுடைய சாரிகளைத் தனுஷாவின் தாய் மடித்து வைத்துவிட்டுப் போனா. ஒற்றைச் செருப்பு ஒன்று கதவுக்குப் பின்னால் கிடக்கிறது, அதை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

உன் வீட்டில் என்னை வைத்திருந்தாய். சோறு போட்டாய். அவள் கண்ணை மூடும்வரை பக்கத்தில் இருக்க விட்டாய். ஆனால் என்னை நம்பினாயா என்று மட்டும் சொல்லவில்லை. வாருங்கள் என்று எழுதினாய். அது இரக்கத்தில் எழுதினதா, நம்பி எழுதினதா? செத்தவீட்டிலும் என் முகத்தைப் பார்க்காமலேயே திரிந்தாய்.

நான் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் ஊரில் இன்சுலின் போடுகிற ஆட்களில் பலருக்குப் பிரிஜ் இல்லை. வலை பின்னுகிற திவாகரன் பானைத் தண்ணீருக்குள் வைக்கிறான். ரதீஸின் தாய் கிணற்றில் கட்டித் தொங்கவிடுகிறா. அது என்ன குளிர்? வாடியில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி வைத்து, புஸ்பம் நினைவாக என்று பெயின்றால் எழுதியிருக்கிறேன். எல்லோருடைய போத்தலும் இப்போது அதற்குள்தான். உப்புப் போட்ட ஐஸ், ஒருவரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. போத்தலை எப்படி உருட்டி இளக்குவது என்று நானே காட்டிக் கொடுக்கிறேன். விடிய வாடி வாசலில் ஆறேழு பேர் நிற்கிறார்கள். ரதீஸின் தாய் என் தலையில் கை வைத்து, புஸ்பத்துக்குப் புண்ணியம் என்று சொன்னா. புஸ்பம் போன பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நீயும் ஒரு வரி எழுது. அத்தான், நீங்கள் போட்டீர்கள், நான் நம்புகிறேன் என்று ஒரே ஒரு வரி. வேறொன்றும் வேண்டாம்.

இராசதுரை


கரடியனாறு
2024 ஒக்டோபர் 10

அத்தான்,

நீங்கள் கேட்ட வரி இதுதான். நீங்கள் ஒரு நேரமும் தவறாமல் போட்டீர்கள். நான் நம்புகிறேன். யூலையில் உங்கள் கடிதம் வந்த அன்றே நம்பிவிட்டேன்.

இதோடு நிறுத்தத்தான் எனக்கும் விருப்பம். நிறுத்த முடியாமல் அந்தப் பெட்டியை வைத்துவிட்டீர்கள். இருந்துகொண்டு வாசியுங்கள்.

இன்சுலின் குளிரில் இருக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. ஒரு தரம் உறைந்தால் அது செத்துவிடும். உருட்டி இளக்கினாலும் திரும்ப உயிர் வராது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளை மாவு அதுதான். வெறும் ஐஸ் என்றால்கூட ஒருவேளை தப்பியிருக்கும். உப்புப் போட்டால் குளிர் தண்ணீர் உறைகிற அளவையும் தாண்டிக் கீழே போய்விடும். அது மீனுக்கு நல்லது. நீங்கள் அக்காவுக்குத் தவறாமல் போட்டது செத்த மருந்து. அதனால்தான் அளவைக் கூட்டக் கூட்ட ஒன்றும் நடக்கவில்லை, வார்டில் உயிருள்ள மருந்து ஏறியதும் விழுந்தாள். கிளினிக்கில் நாங்கள் குளிரில் வையுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறோம். உறைய விடாதீர்கள் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நம்முடைய வெயிலில் உறைவதைப் பற்றி யார் நினைத்தது? வெயிலுக்குத்தான் பயந்தோம்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக்கொண்டு போனேன். உப்பு என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. என்ன புள்ள என்று கேட்டாள். அவளிடம் மறைக்க எனக்கு வரவில்லை. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு சொன்னாள்: "அவரிட்ட இதச் சொல்லிராத புள்ள. நீ பொய்யன் எண்டு ஏசு, அத அவர் தாங்குவார். இதத் தாங்கமாட்டார்." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். செத்தவீட்டில் உங்கள் முகத்தை நான் பார்க்காமல் திரிந்தது அதனால்தான்.

அந்தச் சத்தியத்தை இன்று உடைக்கிறேன். ஆறேழு பேருடைய மருந்து உங்கள் பெட்டிக்குள் கிடக்கிறது. எல்லாவற்றையும் வெளியில் எடுங்கள். ஒன்றையும் ஒருவரும் போடக்கூடாது. புதுப் போத்தல் எடுத்தாலும், இதற்குள் கூட்டியிருந்தால் அந்த அளவை அப்படியே போட்டதும் அக்கா வார்டில் விழுந்ததுபோல விழுவார்கள். முதலில் கிளினிக்கில் காட்டவேண்டும். அங்குள்ள தாதிக்குப் போனில் சொல்லிவிட்டேன், நாளை காலையில் வாடிக்கு வருவார்கள். அவர்கள் வாயால் நீங்கள் இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இன்றே பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். திவாகரனின் பானைத் தண்ணீர் நல்ல குளிர்தான் அத்தான். அதுவே போதும்.

நானே வந்து சொல்லியிருக்கவேண்டும். உங்கள் முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கேதீஸ்வரி


கதிரவெளி
2024 நவம்பர் 3

கேதீஸ்,

கொண்டக்டர் கடிதத்தைத் தந்தபோது ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தோம். வாடிக்குள் போய் வாசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றும் கல்லாக இருந்தது. அவர்கள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய், இதைப் போடவேண்டாம், என் ஐஸ் இதைக் கெடுத்துவிட்டது, என் பெண்சாதி இதனால்தான் போனாள் என்று சொன்னேன். திவாகரன் தலையைக் குனிந்துகொண்டு வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். ரதீஸின் தாய் மட்டும், "எனக்கு இந்த மாசம் கண் இன்னும் மங்கினது இதாலயா தம்பி" என்று கேட்டா. தெரியாது என்றேன். அவவுக்கும் விளங்கியிருக்கும்.

நீ பொய்யன் என்று எழுதிய நாட்களில் எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு எழும்புவேன், வேலை செய்வேன், உனக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன். இப்போது கோபிக்க ஆள் இல்லை. நீ நம்புகிறேன் என்று எழுதிவிட்டாய். அந்த வரியை ஏன் கேட்டேன் என்று இருக்கிறது.

ஐஸுக்குள் கை வைக்க முடியவில்லை. வாடியை ஒருவருக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறேன். உன் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் நீ போன் எடுக்கவேண்டாம், கதைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு பின்னேரம் நீ ஊசி போட வந்தாய். புஸ்பம் உன்னைத் தடுத்து, அவர் போடட்டும் என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பிரிஜிலிருந்து போத்தலை எடுத்தேன். இளகித் தண்ணீராக இருந்தது, உருட்ட வேலையே இல்லை. இது என்ன பிரிஜ், குளிர் காணாது என்று மனதுக்குள் உன்னைப் பழித்தேன். போட்டு முடித்து, நோகுதா என்று அவளிடம் கேட்டேன். "உங்கட கையால போட்டா எனக்கு எப்பவும் நோகிறதில்ல" என்றாள். எனக்கு அப்போது சந்தோசமாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

இராசதுரை